எல்லாப் படகுக்கும் ஒரே பட்டியல்

செப்டம்பர் 2, செவ்வாய்

ஷிஜிலா எழுதிய ஃபைலைத் திறந்த இரண்டாவது நிமிடம் தலை சூடாகிவிட்டது. எம்.சி.ஏ. படித்தவளாம். முழு புரோகிராமையும் பெயரில்லாத ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறாள். எழுதிய இடத்திலேயே ஒரு தடவை ஓடும், முடிந்துவிடும். உள்ளே இருப்பதை வெளியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

"ஏன் இப்படிப் பூட்டியிருக்க?" என்று கேட்டேன்.

"ஒருத்தனுக்க சாமான்ல இன்னொருத்தன் கை வைக்காம இருக்கத்தான்," என்றாள். பிறகு சிரித்தாள். "அந்த ஃபங்ஷன் அப்படியே உன்ன மாதிரிதான் ஆன்றோ. யாரும் கூப்பிட வேண்டாம். எழுதி வச்ச உடனே தானா ஓடிரும்."

முதலாளி ராபின்சன் சார் உள்பட எல்லாரும் சிரித்தார்கள். 'எல்லாரும்' என்றால் நான்கு பேர். மார்த்தாண்டத்தில் டயர் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் எனக்கு 'உடனடி' என்று பெயர் வந்துவிட்டது. "உடனடி, டீ வந்தாச்சு." "உடனடி, ஃபேனைப் போடு." எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டீயை அவள் கீபோர்டில் ஊற்றியிருப்பேன்.

செப்டம்பர் 3, புதன்

இந்த வேலை லூர்துத்துறை விசைப்படகுச் சங்கத்துக்கு. எந்தப் படகு கடலுக்குப் போனது, அதில் யார் யார் என்று சங்க கிளார்க் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். படகு திரும்பியதும் 'கரை சேர்ந்தது' என்ற பட்டனை அழுத்தினால் அந்தப் பெயர்கள் அழிந்துவிடும். காற்று எச்சரிக்கை வரும்போது இன்னும் யார் கடலில் என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும். லூர்துத்துறை என் ஊர். அதனால்தான் ராபின்சன் என்னை வேலைக்குச் சேர்த்தார். மூன்றாம் வருஷத்தில் காலேஜை விட்டவனை வேறு எதற்குச் சேர்ப்பார்.

ஷிஜிலா தங்கச்சி நிச்சயத்துக்காக அடுத்த புதன் வரைக்கும் லீவு. நல்லது. அவளுடைய பூட்டை உடைத்தேன். அவள் புரோகிராமில் ஒவ்வொரு படகு உருவாகும்போதும் அதற்கென்று தனியாக ஒரு பெயர்ப் பட்டியல் உண்டாக்கி, அதைச் சுற்றி ஏழெட்டு வரி எழுதி வைத்திருந்தாள். அத்தனையும் வெட்டினேன். ஜாவாஸ்கிரிப்டில் ப்ரோட்டோடைப் என்று ஒன்று இருக்கிறது. எல்லாப் படகுக்கும் பொதுவான மூலப் படகு மாதிரி. ஒரு படகிடம் ஏதாவது கேட்டு அதனிடம் இல்லையென்றால், அது மூலப் படகிடம் போய் எடுத்துக்கொள்ளும். பட்டியலை அங்கே வைத்துவிட்டேன். ஒரே வரி. எல்லாப் படகுக்கும் கிடைக்கும்.

'பரலோக மாதா'வை வைத்து ஓட்டிப் பார்த்தேன். அப்பா போகிற படகு, அதன் நம்பர்தான் எனக்கு மனப்பாடம். பெயர்கள் ஏறின. பட்டனை அழுத்தினேன், அழிந்தன.

"ஓடுதா?" என்றார் ராபின்சன்.

"ஓடுது."

"அப்ப போட்டுரு."

எட்டு வரியை ஒரு வரி ஆக்கியதற்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

லூர்துத்துறைக்குப் போய்ச் சங்கத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தேன். கிளார்க் மிக்கேல் மாமா ஒற்றை விரலால்தான் டைப் அடிப்பார். நான் சொல்லிக் கொடுப்பதற்குள் நாலு தடவை வெற்றிலை துப்பப் போனார். பெயர் ஏற்றுவது, படகு வந்தால் பட்டன் அழுத்துவது, ஆள் மாறாவிட்டால் போன தடவைப் பெயர்களை அப்படியே எடுக்க 'நகல்' பட்டன். மூன்றே மூன்று விஷயம்.

கிளம்பும்போது கேட்டார். "பின்ன மக்ளே, கடைசி வருஷப் பரீட்சை அடுத்த மாசம்தான?"

"என்ன பரீட்சை?"

"இன்ஜினியரிங் பரீட்சை. உனக்க அப்பன் சொன்னானே. இதெல்லாம் காலேஜுல தாற புராஜெக்ட்டுன்னும் சொன்னான்."

பதினோரு மாதம். நான் காலேஜை விட்டு, அப்பா என்னோடு பேச்சை விட்டு, நான் மார்த்தாண்டத்தில் ரூம் எடுத்துப் பதினோரு மாதம். அந்த மனுஷன் கரையில் நின்று எல்லாரிடமும் எனக்காகப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார்! பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். வீட்டுப் பக்கம் போகவில்லை. சங்கத்திலிருந்து வீடு நூறடி.

ஏன் விட்டாய் என்று அவர் ஒரு தடவையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். காலேஜ் லேப்பில் பாடம் நடத்துகிற அந்த ஆள், "மீன் பிடிச்ச கையோட கீபோர்டத் தொடாத," என்றான். கீபோர்டைப் பிடுங்கி அவன் மேஜையில் அடித்தேன், கீ எல்லாம் சிதறியது, வெளியே வந்தேன். மீன் பிடிப்பது என் கை இல்லை. அது யார் கை என்று அவனுக்கும் தெரியும்.

செப்டம்பர் 6, சனி

துணி துவைத்தேன். ஒன்றும் காயவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் எட்டுப் படகு போயிருக்கிறது. பத்து மணிக்கு மிக்கேல் மாமா போன்.

"மக்ளே, எல்லா போட்டுலயும் எல்லாரும் இருக்காங்க."

"என்னது?"

"பரலோக மாதாவுல ஏழு பேர ஏத்துனேன். இப்பம் பாத்தா அம்பதுக்கு மேல காட்டுது. மத்ததுலயும் அப்படித்தான். எங்க தெறந்தாலும் ஒரே பேருக."

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. 'நகல்' பட்டனை எல்லாப் படகிலும் போட்டு அமுக்கியிருக்கிறார்.

"ஓய் மாமா, நான் அண்ணைக்கே சொன்னேன்லா? ஆள் மாறுனா நகல்ல கை வைக்காதீரும்னு. வெத்தில துப்பப் போன நேரம் காதுல விழுந்திருக்காது."

"நான் அதத் தொடல்ல மக்ளே."

"தொடாம எப்படி வரும்? கம்ப்யூட்டர் என்ன சொந்தமா பேரு வச்சு ஞானஸ்நானமா குடுக்கும்? ஸ்கிரீன் காட்டுகது சரி. நீரு ஏத்துனதுதான் தப்பு. அழிச்சுட்டு ஒழுங்கா ஏத்தும்."

ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார் போல. பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. "சரி," என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு போன் வரவில்லை. அப்படியென்றால் சரியாக ஏற்றிவிட்டார் என்றுதானே அர்த்தம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அம்மா கூப்பிட்டாள். சாப்பிட்டாயா, சளி போனதா, அப்பா கடலுக்குப் போயிருக்கார், வெள்ளிக்கிழமை வருவார். கடைசியில் சொன்னதை நான் கேட்கவேயில்லை. அவளாகச் சொன்னாள்.

மெஸ்ஸில் மறுபடியும் அதே சாம்பார். மூடிவைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

செப்டம்பர் 10, புதன்

காலையிலேயே காற்று எச்சரிக்கை. டயர் கடை போர்டு கழன்று ஒரு பைக்கின் மேல் விழுந்தது. எங்கள் ஜன்னல் கண்ணாடிக்கு அட்டை வைத்து ஒட்டினேன். ராபின்சன் தன் காரை மட்டும் நாலு தடவை இடம் மாற்றினார்.

மத்தியானம் அம்மா.

"மக்ளே, கோயில் மைக்குல எல்லா போட்டும் வந்தாச்சுன்னு சொல்லுதாவ. உனக்க அப்பனக் காணல்லியே. ஒண்ணு பாத்துச் சொல்லு."

லேப்டாப்பில் லூர்துத்துறைப் பக்கத்தைத் திறந்தேன். 'கடலில் யாரும் இல்லை' என்று இருந்தது. பச்சை எழுத்து. அந்தப் பச்சை நான் தேர்ந்தெடுத்தது.

"வந்தாச்சும்மா. ஸ்கிரீன்ல இருக்கு."

"எங்க நிக்காருன்னு தெரியல்லியே."

"எங்கியாவது ஏலக்கூடத்துல நிப்பாரு. இல்லன்னா வேற துறையில போட்ட ஒதுக்கியிருப்பாரு. வந்தாச்சுன்னா வந்தாச்சு. நீ சும்மா வெப்ராளப்படாத."

"நீ சொன்னா சரி," என்றாள்.

அப்பாவின் போனுக்கு நான் அடித்துப் பார்க்கவில்லை. பேசாத ஆளுக்கு என்ன போன்.

ஒரு தடவை அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.

செப்டம்பர் 11, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையில் அம்மா. "ராத்திரி வரல்ல மக்ளே. பக்கத்துத் துறையில எல்லாம் ஆள் விட்டுக் கேட்டாச்சு. அந்த போட்ட யாரும் பாக்கல்ல."

ஷிஜிலா லீவு முடிந்து அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள். நிச்சயதார்த்த லட்டு டப்பா மேஜையில். ஃபைலைத் திறந்தவள் திரும்பினாள்.

"பட்டியல எதுக்குடே ப்ரோட்டோடைப்புல வச்ச?"

"எல்லாத்துக்கும் கிடைக்கும்லா."

"எல்லாத்துக்கும் கிடைக்கும். ஆனா கிடைக்கது ஒரே பட்டியல். ரெண்டு போட்டு வச்சு ஓட்டிப் பாத்தியா?"

கேட்டுவிட்டு அவள் ஒரு படகில் 'லட்டு' என்று டைப் அடித்தாள். இன்னொரு படகைத் திறந்தாள். அதிலும் லட்டு இருந்தது. மூன்றாவதில், நான்காவதில். பிறகு முதல் படகில் 'கரை சேர்ந்தது' அழுத்தினாள். எல்லாப் படகும் காலி. பச்சை எழுத்து வந்தது.

நேற்று எந்தப் படகு முதலில் கரை சேர்ந்ததோ, அதற்கு மிக்கேல் மாமா பட்டனை அழுத்திய அந்த நொடியில் எட்டுப் படகின் ஆட்களும் கரை சேர்ந்துவிட்டார்கள். ஸ்கிரீனில்.

வரியைத் திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பட்டியலை எடுத்து, ஒவ்வொரு படகும் உருவாகிற இடத்தில் அதற்கென்று தனியாக வைத்தேன். ஆனால் அழிந்த பெயர்கள் எங்கேயும் இல்லை. வரி சரியாகிவிட்டது, ஆட்கள் வரவில்லை.

ஷிஜிலாவின் ஸ்கூட்டரில் போனோம். அரை மணி நேரமும் அவள் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சங்கத்து வாசலில் கூட்டம். மிக்கேல் மாமா நாற்காலியில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். எவ்வளவு நிதானமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு.

"நேத்து எல்லா போட்டும் வந்தாச்சுன்னு மேல மீன்வளத்துறை ஆபீசுக்குச் சொல்லியாச்சே லே," என்றார். "தேட வேண்டாம்னு சொல்லியாச்சே."

"எதுக்குச் சொன்னீரு? கண்ணால எண்ணிப் பாக்க மாட்டீரா?"

"எண்ணுனேன். ரெண்டு குறைஞ்சுது. திங்கக்கிழமை ரெண்டாவது மட்டம் ஏத்தும்போதும் எல்லாப் பேரும் எல்லாத்துலயும்தான் வந்துது." அவர் குரல் உயரவேயில்லை. "அதையும் சொல்லி இன்னொரு மட்டம் உனக்க வாயால கேக்கணுமா? ஸ்கிரீன் சரி, நீருதான் தப்புன்னு நாலு பேரு கேக்கச் சொன்ன. சரி, ஸ்கிரீனே சரியா இருக்கட்டும், அந்த ரெண்டும் வேற துறையில ஒதுங்கியிருக்கும்னு விட்டுட்டேன்."

யார்மேல் கோபப்படுவது என்று தேடினேன். ஆள் அகப்படவில்லை.

இரண்டில் ஒரு படகு அடுத்த துறையில் ஒதுங்கியிருந்தது, போனில் பேசினார்கள். மிச்சம் பரலோக மாதா. மேல ஆபீசில் ஆட்களின் பெயர் கேட்டார்கள். கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று தாளில் எழுதுவதை மாமா நிறுத்தியிருந்தார். வாசலில் நின்ற பெண்கள்தான் சொன்னார்கள். ஒவ்வொருத்தியும் அவளவள் வீட்டு ஆளின் பெயரை. ஷிஜிலா எழுதினாள். "எட்வின் காய்ச்சல்னு போகல்ல, அவனுக்குப் பதிலா எனக்க தம்பி ஜெரோம்தான் போனான்," என்று ஒரு பெண் திருத்தினாள். ஏழாவதாக அப்பாவின் பெயரை அம்மா சொன்னாள். சேசடிமை. என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஒன்றும் தெரியவில்லை.

பிறகு:

கிடைத்துவிட்டார்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் உடைந்து படகு காற்றோடு வடக்கே போயிருக்கிறது. தேடப் போனவர்கள் சொன்ன குறிப்பை வைத்துக் கொல்லம் பக்கத்துப் படகு ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்தது. ஏழு பேரும் உயிரோடு. கயிறு கட்டும்போது ஜெரோமுக்குக் கை முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறான். புதன்கிழமை மத்தியானத்திலிருந்து யாராவது வருவார்கள் என்று சட்டையைக் கம்பில் கட்டி ஆட்டிக்கொண்டே இருந்தார்களாம்.

அம்மா போனில் அழுதாள். நான் அழவில்லை. ஜன்னலில் ஒட்டிய அட்டையைக் கிழித்துத் துண்டு துண்டாக்கினேன். ராபின்சன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 13, சனி

இன்று ராபின்சன் உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு.

"நாளைக்குக் கோயில்ல பூசை முடிஞ்சு சங்கத்துல கூட்டம். நாம போவோம். ஆபரேட்டர் தப்புன்னு ஒரே வரியில முடிப்போம்."

"ஆபரேட்டர்னா?"

"அந்தக் கிளார்க்குதான். அவரை மாத்தப் போறாங்கன்னு ஏற்கெனவே பேச்சு. நம்மளா மாத்தச் சொல்லுகோம்? இன்னும் நாலு துறை நம்ம புரோகிராமக் கேட்டிருக்கு ஆன்றோ. புரோகிராம்ல தப்புன்னு வெளிய போனா, டயர் கடைக்காரன் மாடியக் காலி பண்ணச் சொல்லுவான்."

"அவரு திங்கக்கிழமையே போன் பண்ணிச் சொன்னாரு சார்."

"யாருகிட்ட?"

"எனக்கிட்ட."

"அப்ப அது உனக்கும் அவருக்கும் மட்டும்தான தெரியும்?" என்றார். தோளில் தட்டினார். "வாயத் தொறந்தேன்னா திங்கக்கிழமை வராத."

தோளை உதறிவிட்டு வெளியே வந்தேன். படியில் ஷிஜிலா நின்றாள். "கேட்டியா?" என்றேன். "கதவு பிளைவுட்," என்றாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஏலக்கூடத்தில்தான் கூட்டம். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி ஆண்கள் கீழே உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தூணோரம். ஐஸ் உடைக்கிற மேஜைமேல் சங்கத்துக் கம்ப்யூட்டர், அதிலிருந்து புரொஜெக்டர் வழியாகச் சுவரில் வெள்ளைத் துணிக்கு வெளிச்சம். தலைவர் கிளமென்ட் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஏழு உசிரு. மிக்கேலு, உனக்கு என்னவாவது சொல்ல இருக்கா?"

மாமா எழுந்தார். "கண்ணால எண்ணுனத நம்பியிருக்கணும். எண்ணுனதச் சொல்லியிருக்கணும்," என்றார். உட்கார்ந்தார். அவ்வளவுதான். என் பெயர் அவர் வாயில் வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ராபின்சன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுவதற்குள் நான் மேஜைக்குப் போய்விட்டேன். ஷிஜிலா சொன்னது சரி, யாரும் கூப்பிடவில்லை.

ப்ரோட்டோடைப் என்று சொன்னால் ஏலக்கூடத்தில் யாருக்குப் புரியும். பழைய ஃபைலைத் திறந்தேன். பரலோக மாதாவில் என் பெயரை ஏற்றினேன். அடுத்த படகைத் திறந்தேன், சுவரில் ஆன்றோ. அடுத்தது, ஆன்றோ. எட்டுப் படகிலும் ஆன்றோ.

"ஒரே நேரம் எட்டு போட்டுல போற ஆளப் பாத்துக்கிடுங்க," என்று யாரோ சொன்னார். சிரிப்பு கேட்டது. பிறகு நான் ஒரே ஒரு படகில் 'கரை சேர்ந்தது' அழுத்தினேன். சுவரில் பச்சையாக, கடலில் யாரும் இல்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

"மாமா அழுத்துனது இந்த ஒரு பட்டனத்தான்," என்றேன். "பட்டியல ஒரே எடத்துல வச்சது நான். எல்லாப் பேரும் எல்லாத்துலயும் வருகுன்னு அவரு திங்கக்கிழமையே கேட்டாரு. நான்தான் ஏசுனேன்."

ஜெரோமின் அக்கா எழுந்து வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தாள். ஒரே அடி, கன்னத்தில். யாரும் தடுக்கவில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்தாள். ராபின்சன் காரை எடுக்கும் சத்தம் வெளியே கேட்டது.

"பின்ன இத மாத்தியாச்சா, இல்லியா?" என்றார் கிளமென்ட்.

"மாத்தியாச்சு."

"யாரு நம்புவா?"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். தாடி, உதடெல்லாம் வெடித்திருந்தது. ஆட்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். மேஜைக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், ஸ்கிரீனைப் பார்த்து நின்றார்.

"மாத்துனதத் தெற," என்றார் அப்பா.

திறந்தேன்.

"ஷாஃப்ட் சரியானா வியாழக்கிழமை போவேன். எழுது." ஒவ்வொரு பெயராகச் சொன்னார், நான் அடித்து முடிக்கும் வரை காத்திருந்து அடுத்தது. ஜெரோமுக்குப் பதிலாக எட்வின். ஆறு பெயர் ஆனதும் நிறுத்தினார்.

"இன்னும் ஒண்ணு," என்றார் மிக்கேல் மாமா.

நான் காத்திருந்தேன். அப்பா ஸ்கிரீனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பேரு சொல்லுங்க," என்றேன்.

"உனக்குத் தெரியாதா?"

அடித்தேன். சேசடிமை. விரல் இரண்டு தடவை தப்பியது, கூட்டம் முழுக்கச் சுவரில் பார்த்தது.

"இனி அடுத்த போட்டத் தெற."

திறந்தேன். காலி.

"அடுத்தது."

காலி. அப்பா குனிந்து, கண்ணைச் சுருக்கி, பக்கத்தின் கடைசி வரைக்கும் பார்த்தார். "அடுத்தது," என்றார். "அடுத்தது." எட்டையும் திறக்க வைத்தார். ஏழிலும் யாருமில்லை, ஒன்றில் மட்டும் ஏழு பேர். பிறகு திரும்பவும் முதலிலிருந்து திறக்கச் சொன்னார். ஒன்றுவிடாமல் திறந்தேன்.

நிமிர்ந்தார். மிக்கேல் மாமாவிடம், "நீ தாளுலயும் எழுதிக்கோ," என்றார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனார்.